2024-25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை ஆள் போதாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். பிப்ரவரி 28 அன்று தேசிய அறிவியல் நாள் வழக்கம்போல் நடந்தது. நூலகத்துக்கு ஒரு அலமாரி வந்தது. வானோக்கு நிகழ்ச்சி மழையால் நடக்கவில்லை.

அடுத்து, ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த நெல் வகுப்பு. "ஒரு நெல்லுக்கு இவ்வளவு செலவா?" என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வெளியிலிருந்து வரும் ஒரு சின்ன மூலக்கூறு, செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் மரபணுவை எப்படி வேலை செய்ய வைக்கிறது என்பதுதான் தலைப்பு. போன வருடம் இதையே படம் போட்டு நடத்தியபோது பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அதனால் இந்த முறை நெல்லை எடுத்துக்கொண்டேன். விதைநெல்லை ஊறவைத்து மூட்டம் போட்டால் முளை கட்டுவதை நம் ஊரில் பார்க்காதவர் இல்லை. அப்போது உள்ளே நடப்பது இது: நெல்லின் நுனியில் இருக்கும் கரு ஜிப்ரெலின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. தவிட்டோடு ஒட்டியிருக்கும் அல்யூரோன் என்ற உயிருள்ள செல் அடுக்கை அது அடைகிறது. அங்கே ஆல்ஃபா அமைலேஸ் மரபணுவிலிருந்து ஆர்என்ஏ நகல்கள் எடுக்கப்பட்டு நொதி உருவாகிறது. அந்த நொதி மாவைக் கரைத்துச் சர்க்கரையாக்கி முளைக்கு ஊட்டுகிறது.

ஜிப்ரெலினைக் காட்டிக்கொடுத்ததும் நெல்தான். ஜப்பானில் நாற்று மட்டும் அளவுக்கு மீறி நெட்டையாக வளர்ந்து சாயும் நோய்க்கு 'பகானே', அதாவது முட்டாள் நாற்று என்று பெயர். 1926இல், அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்த தைவானில், குரோசாவா என்பவர் இந்த நோயைக் கொடுக்கும் பூஞ்சையை வடிகட்டி நீக்கிவிட்டு அதன் சாற்றை மட்டும் நாற்றுக்குக் கொடுத்தார். நாற்று அப்படியே நெட்டையானது. 1935இல் யபுதா அந்தப் பொருளுக்கு ஜிப்ரெலின் என்று பெயர் வைத்தார். 1960இல் ஜப்பானில் யோமோவும் ஆஸ்திரேலியாவில் பேலெக்கும், கருவை நீக்கிய பார்லி விதைக்கு ஜிப்ரெலினை மட்டும் கொடுத்தாலே அமைலேஸ் சுரக்கிறது என்று தனித்தனியாகக் கண்டார்கள். அந்த நொதி முன்பே இருந்து கசிந்ததா, புதிதாகச் செய்யப்பட்டதா என்ற சந்தேகத்தை 1967இல் ஃபில்னரும் வார்னரும் தீர்த்தார்கள். கனமான ஆக்சிஜன் கொண்ட நீரில் விதையை வைத்தார்கள். சுரந்த நொதியும் கனத்திருந்தது. பழைய சரக்காக இருந்தால் கனத்திருக்காது. இந்த இடத்தைச் சொன்ன அன்று ஒருவரும் தூங்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

மரபணுவை எழுப்பும் புரதங்கள் செல்லில் இருந்தாலும் 'டெல்லா' என்ற இன்னொரு வகைப் புரதம் அவற்றை மறித்து நிற்கிறது. ஜிப்ரெலின் வந்ததும் ஜிஐடி1 என்ற ஏற்பி அதைத் தன் குழிக்குள் வாங்கி மூடிக்கொண்டு, அப்படியே டெல்லாவைப் பிடிக்கிறது. இந்த ஏற்பியை 2005இல் ஜப்பானியர் நெல்லில்தான் கண்டுபிடித்தார்கள். பிடிபட்ட டெல்லாவின் மேல் 'இதை அழிக்கலாம்' என்று காட்டும் யுபிகுவிட்டின் என்ற சின்னப் புரத முத்திரை விழுகிறது. செல்லின் கழிவறுக்கும் இயந்திரம் அதை நறுக்கிவிடுகிறது. மறித்தவர் போனதும் ஜிஏமிப் என்ற புரதம் பெருகி, அமைலேஸ் மரபணுவின் முகப்பில் போய் உட்காருகிறது. ஆக, ஜிப்ரெலின் மரபணுவைத் தொடுவதே இல்லை. (நம் பொருளாளரைச் சிலர் டெல்லா என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தது நான் இல்லை.)

ஐ.ஆர்.8 நெல் குட்டையானதும் இந்தக் கதையில்தான் வருகிறது. அதில் ஜிப்ரெலின் தயாரிக்கும் மரபணுக்களில் ஒன்று பழுது. பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமையில் பழுது வேறு இடத்தில்: அங்கே டெல்லாவே ஜிப்ரெலினுக்குக் காது கொடுப்பதில்லை. "ஜிப்ரெலின் குறைச்சல் என்றால் ஐ.ஆர்.8 எப்படி சார் முளைக்கிறது?" என்று கேட்டார் ஒரு விவசாயி. அதே வேலையைச் செய்யும் வேறு மரபணுக்களும் உண்டு, பழுதானது முக்கியமாகத் தண்டிலும் இலையிலும் வேலை செய்வது என்று பதில் சொன்னேன். ஆண்டின் சிறந்த கேள்வி அதுதான். கேட்டவர் நம் உறுப்பினர் அல்ல.

செய்முறை முதல் தடவை தோற்றது. கரு இருக்கும் பாதியை வெட்டி நீக்கிவிட்டு, மீதிப் பாதியை மாவு கலந்த கடற்பாசிக் கூழின் மேல் வைத்து, மூன்றாம் நாள் அயோடின் ஊற்ற வேண்டும். மாவு இருக்கும் இடம் நீலமாகும், கரைந்த இடம் வெளிறும். எங்களுக்கோ ஜிப்ரெலின் வைக்காத தட்டிலும் வெளிறிப் போனது. காரணம் பூஞ்சை; அதுவும் அமைலேஸ் சுரக்கும். அறைச் சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லாததால் தட்டுகளை வராந்தாவில் வைக்க நேர்ந்ததை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஒருவர் அன்போடு புழுங்கல் அரிசி கொண்டுவந்தார். அவித்ததில் ஏது உயிருள்ள செல்? இரண்டாம் தடவை பச்சை நெல்லை நகத்தால் உரித்து, பிளீச்சிங் கரைசலில் கழுவி வைத்தோம். ஜிப்ரெலின் தட்டில் ஒவ்வொரு அரைநெல்லைச் சுற்றியும் வெள்ளை வட்டம். மற்ற தட்டு நீலம். பார்க்க இருந்தவர்கள் ஒன்பது பேர். நம் உறுப்பினர்கள் அறுபத்து இரண்டு பேர்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மொத்தத்தில் பெரிய நஷ்டம் இல்லை, கையிருப்பு என்று சொல்லும்படியும் இல்லை. 'ஸ்பிரிட், 100 மி.லி.' என்ற பற்றுச்சீட்டைப் பற்றி மட்டும் நான் சொல்லியாக வேண்டும். ஜிப்ரெலின் தண்ணீரில் லேசில் கரையாது. முதலில் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் நீர் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் வாங்கினோம், வேறு எதற்கும் இல்லை. ஜிப்ரெலின் தூளை ஒரு திராட்சைத் தோட்டக்காரர் இலவசமாகக் கொடுத்தார். கடற்பாசி, அயோடின், கண்ணாடித் தட்டுகள் என் சொந்தச் செலவு. அதை நான் கேட்கவில்லை.

சந்தா இருபத்தாறு பேரிடம் பாக்கி. அதில் நான்கு பேர் மூன்று ஆண்டாக. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை. கேட்டால் "அடுத்த கூட்டத்தில் தருகிறேன்" என்கிறார்கள், அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை.

இடம் கொடுத்த பள்ளி நிர்வாகத்துக்கும், டீ கொடுத்த கடைக்காரருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இதன் மறுபக்கமான அப்சிசிக் அமிலத்தை எடுக்கலாம் என்று இருக்கிறேன். அது விதையைத் தூங்க வைப்பது, அமைலேஸை அடக்குவது. நமக்குப் பொருத்தமான தலைப்பு என்று ஒரு நண்பர் சொன்னார். தட்டுகளைக் கழுவித் துடைத்துப் புது அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். வேறு யாராவது செயலாளராக முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். வராவிட்டால், அறைச் சாவியின் ஒரு நகல் என்னிடம் இருக்க இந்தக் கூட்டம் தீர்மானம் போட வேண்டும். சந்தாவை வாங்க இன்று வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். ரசீது புத்தகம் புதிது.

செயலாளர்