சோடியம் தானம் செய்வதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வேதிப் பிணைப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உப்பளப் படம் ஒன்றைப் போட்டு, சோடியம் தன்னிடம் கூடுதலாக இருக்கும் எலக்ட்ரானைக் குளோரினுக்கு மகிழ்ச்சியோடு கொடுக்கிறது, இரண்டுக்கும் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிறைகிறது என்று எழுதியிருந்தார்கள். தூத்துக்குடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இந்த மகிழ்ச்சிக் கதையைப் பிள்ளைகள் மனதிலிருந்து கழற்றுவதற்கே வருஷா வருஷம் பல வகுப்புகள் போய்விடும்.

சோடியம் எதையும் மகிழ்ச்சியோடு கொடுப்பதில்லை. வாயு நிலையில் தனித்தனியாக இருக்கும் ஒரு மோல் சோடியம் அணுக்களிடமிருந்து (மோல் என்பது அணுக்களை எண்ணும் ஓர் அளவு, சோடியத்தில் எடை 23 கிராம்) தலைக்கு ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகும். அவற்றைக் குளோரின் அணுக்கள் வாங்கிக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349தான். ஆக, 147 நட்டம். கொடுக்கல் வாங்கலோடு விஷயம் முடிந்திருந்தால் உப்பே உண்டாகியிருக்காது. அப்புறம் நடப்பதுதான் முக்கியம். எலக்ட்ரானை இழந்த சோடியம் நேர் அயனி, அதை வாங்கிய குளோரின் குளோரைடு எனும் எதிர் அயனி, இரண்டும் ஒன்றையொன்று இழுத்து நெருங்குகின்றன. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம் என்று படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது 787 கிலோஜூல் வெளியேறுகிறது. நட்டம் போக மிச்சம் ஏராளம். உப்பை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டியிருப்பதும் இந்த இழுப்பால்தான்.

படமும் பொருந்தவில்லை. கடல்நீரில் சோடியமும் குளோரைடும் ஏற்கெனவே அயனிகளாகத்தான் கரைந்திருக்கின்றன. பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற அவை சேர்ந்து படிகமாகின்றன. அங்கே எந்த எலக்ட்ரானும் கைமாறுவதில்லை, எங்கள் ஊர் உப்பளத்துக்கு அந்தப் பெருமை வேண்டாம்!

எட்டு எலக்ட்ரான் கணக்கு நல்ல குறுக்குவழி, நானும் அதைச் சொல்லிக்கொடுத்தவள்தான். ஆனால் அது காரணம் ஆகாது. ஹைட்ரஜனுக்கு எட்டு ஏது? இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் பக்கத்தில் வந்தால், இரண்டு எலக்ட்ரான்களையும் இரண்டு அணுக்கருக்களும் சேர்ந்து இழுக்கின்றன, மொத்த ஆற்றல் குறைகிறது. ரொம்ப நெருங்கினால் கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் 74 பிகோமீட்டர் (ஒரு பிகோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) இடைவெளியில் பிணைப்பு நிலைக்கிறது. ஆற்றல் இப்படிக் குறைவதை ஹைட்லர், லண்டன் என்ற இரு இயற்பியலாளர்கள் 1927-லேயே குவாண்டம் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். வெளிக்கூட்டில் எட்டு நிறைந்த செனான் வாயுவைக்கூட 1962-ல் வேதியியலாளர் நீல் பார்ட்லெட் சேர்மமாக்கினார்.

கட்டுரையின் கடைசிப் பத்தியில் இருப்பது இன்னும் மோசம். பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறதாம். அப்படியே தலைகீழ். எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் செலவழிக்கத்தான் வேண்டும். மீத்தேன் எரிவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மோலுக்கு, மீத்தேனிலும் ஆக்சிஜனிலும் உள்ள பிணைப்புகளை உடைக்கச் சுமார் 2,650 கிலோஜூல் போகிறது. கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உருவாகும்போது சுமார் 3,450 வருகிறது. இந்த 800 கிலோஜூல் வித்தியாசம்தான் நமக்குக் கிடைக்கும் சூடு.

இடம் இல்லையென்றால் மற்றதை விட்டுவிடுங்கள், இந்தக் கடைசிப் பத்திக்காவது அடுத்த வாரம் திருத்தம் போடுங்கள். நீட் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
தூத்துக்குடி