கைத்தடி எந்தக் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

யாங்கோனிலிருந்து, அதாவது பழைய ரங்கூனிலிருந்து, எழுதுகிறேன். உங்கள் நாளிதழை இங்கே போனில்தான் படிக்கிறோம், அதுவும் கரண்டும் நெட்டும் சேர்ந்து இருக்கிற நேரத்தில். மருத்துவப் பக்கத்தில் மூட்டுவலி பற்றி வந்த கட்டுரையைப் பார்த்தேன். முடக்கத்தான் தோசை, எள், வெந்தயம், எண்ணெய்த் தேய்ப்பு எல்லாம் வந்திருந்தது, சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கூடவே போட்டிருந்த படத்தில் ஒரு பெரியவர் வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வலது கையிலேயே தடியை ஊன்றி நிற்கிறார். தடி இடது கையில் இருக்க வேண்டும். பிசியோதெரபி வேலையில் இருக்கிறவன் என்பதால் இப்படித் தடி பிடித்து வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வலிக்கிற பக்கம்தானே தாங்கல் வேண்டும் என்று யாருக்கும் தோன்றும், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஏன் இடது கை? நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு காலைத் தூக்கிவிட்டு இன்னொரு காலில் நிற்கிறோம். வலது காலில் நிற்கிற அந்த நொடியில் உடம்பின் எடை வலது இடுப்பு மூட்டுக்கு இடதுபுறமாக விழுகிறது, இடுப்பெலும்பு இடது பக்கம் சாயப் பார்க்கிறது. சாயாமல் இழுத்துப் பிடிப்பது வலது இடுப்பின் வெளிப்பக்கத்துத் தசை. இரண்டு கையும் சம நீளமில்லாத ஒரு தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள்: மூட்டிலிருந்து தசை இழுக்கும் தூரம் ஏறக்குறைய 5 செ.மீ., எடை விழும் தூரம் அதைப் போல இரண்டு மடங்கு. ஆக, தசை கிட்டத்தட்ட எடையைப் போல இரண்டு மடங்கு இழுத்தால்தான் ஆள் நேராக நிற்க முடியும். எடை, இழுப்பு இரண்டும் சேர்ந்து மூட்டின் மேல்தான் இறங்குகின்றன, அதனால் 60 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நின்றால் இடுப்பு மூட்டு தாங்குவது 150லிருந்து 180 கிலோ வரை! இப்போது இடது கையில் தடியை ஊன்றினால், சாய்கிற பக்கத்தை அது கீழிருந்து தாங்குகிறது. மூட்டிலிருந்து நன்றாகத் தள்ளி இருப்பதால் லேசாக அழுத்தினாலே தசையின் வேலை நிறையக் குறைந்துவிடுகிறது. வலிக்கிற பக்கமே ஊன்றினால் இந்தக் கணக்கு பலிக்காது, ஆள் அந்தப் பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கப் பழகிவிடுவார். இடுப்பு மூட்டின் இந்தக் கணக்கைப் பாவெல்ஸ் என்ற ஜெர்மன் எலும்பு மருத்துவர் 1930களிலேயே போட்டுக் காட்டிவிட்டார்.

இப்படி எலும்பை நெம்புகோலாகவும் தசையை இழுகயிறாகவும் வைத்து உடம்பின் அசைவைக் கணக்குப் பண்ணுகிற படிப்புக்குத்தான் பயோமெக்கானிக்ஸ் என்று பெயர். பெயர்தான் பெரிது, ஆரம்பப் பாடம் பள்ளிக்கூடத்து நெம்புகோல் பாடத்தைத் தாண்டாது. இத்தாலியில் பொரெல்லி என்ற கணித ஆசிரியர் 17ஆம் நூற்றாண்டிலேயே இதில் இறங்கியிருக்கிறார், அவருடைய நூல் அவர் இறந்த பிறகு 1680-81ல் வெளிவந்தது. அவர் கண்டு சொன்னது இன்றைக்கும் கேட்டால் ஆச்சரியம்தான்: தசை பெரும்பாலும் தூக்குகிற எடையைவிடப் பல மடங்கு அதிகமாக இழுக்க வேண்டியிருக்கிறது. முழங்கையை மடக்கி 2 கிலோ தக்காளிப் பையைப் பிடித்திருக்கிறீர்கள் என்றால், புஜத்துத் தசை முழங்கைக்கு 4, 5 செ.மீ. தள்ளித்தான் ஒட்டியிருக்கிறது, பை 30 செ.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது, அப்போது தசை இழுப்பது 12 கிலோவுக்குக் குறையாது. நஷ்ட வியாபாரம் மாதிரி தெரியும். ஆனால் தசை கொஞ்சம் சுருங்கினாலே கை வெகுதூரம், வெகுவேகமாகப் போகிறது. பந்து எறிவதும் கொசு அடிப்பதும் அதனால்தான் நடக்கிறது.

அப்புறம் எங்கள் ஊர்ப் படிகள். ரங்கூன் டவுனில் பழைய கட்டடங்கள் ஆறு மாடி, எட்டு மாடி, செங்குத்தான ஒடுக்கப் படி, பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது, இருக்கிற இடத்திலும் கரண்ட் போனால் அவ்வளவுதான். நம் ஆட்களில் வயசானவர்கள் பலர் அந்த மேல்மாடிகளில்தான் இருக்கிறார்கள். ஏறுவதுதான் முட்டிக்குக் கெடுதல் என்று சொல்லி, இறங்கும்போது விறுவிறு என்று இறங்குகிறார்கள். மூச்சு வாங்குவது ஏறும்போது, உண்மைதான். முட்டியில் அதிகச் சுமை விழுவது இறங்கும்போது. இது ஊகம் இல்லை. பெர்லினில் ஷாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள், செயற்கை முட்டிக்குள்ளேயே அளக்கும் கருவியை வைத்து நோயாளிகளை நடக்கவிட்டு, 2010ல் வெளியிட்ட அளவுகள் இருக்கின்றன: சமதரையில் நடந்தால் உடல் எடையைப் போல 2.6 மடங்கு, படி ஏறினால் 3.2, இறங்கினால் 3.5. 60 கிலோ அம்மா ஒரு படி இறங்கும்போது முட்டிக்கு 200 கிலோவுக்கு மேல். இறங்குகிற உடம்பை மேல்படியில் நிற்கிற கால்தான் பிரேக் பிடித்து மெதுவாக விட வேண்டும், தொடையின் முன்தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது, பழக்கமில்லாதவர்களுக்கு மறுநாள் தொடை கடுப்பதும் அதனால்தான்.

ஆகவே ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், ஒரு கை கைப்பிடிச் சுவரில். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் கை எங்கே இருக்கிறது? தமேயினோ (பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டும் துணி) சேலையோ, தடுக்காமல் இருக்க ஒரு கையால் தூக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையில் கூடை. விழுகிறவர்கள் கதையைக் கேட்டால் பாதிப் பேர் இப்படித்தான் இருப்பார்கள். வெளியூர் வாசகர்களுக்குத் தெரியாதிருக்கலாம், இங்கே மாடிக்கு மாடி பால்கனியிலிருந்து ஒரு கயிறு தெருவரை தொங்கும், நுனியில் கிளிப், பேப்பரும் பாலும் அதில் மேலே போகும். காய்கறியையும் அதிலேயே இழுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்லும் வைத்தியம், காசு செலவில்லாதது.

டீக்கடை முக்காலிக்கும் இதே கணக்குத்தான். தரையோடு ஒட்டின மாதிரி உயரம், அதில் ஒரு மணி நேரம் அரட்டை, எழுந்திருக்கும்போது முனகல். இருக்கை தாழத் தாழ முட்டிக்குச் சுமை கூடும். முன்நுனிக்கு நகர்ந்து, பாதங்களை முட்டிக்குப் பின்னால் இழுத்து வைத்து, நெஞ்சை முன்னால் கொண்டுவந்து எழுந்தால் உடம்பின் எடை பாதத்துக்கு மேலே வந்துவிடும், பாதி வேலை அப்போதே முடிந்தது. மூக்கு கால் விரலுக்கு நேரே வரட்டும் என்றுதான் நான் சொல்லிக்கொடுப்பேன்.

முதுகுக்கு வருவோம், அதுதான் நம் ஜனங்களின் பிழைப்பு. படகுத் துறையில் சுமை தூக்குகிறவர்களும் அரிசிக் கடைக்காரர்களும் 30 வீசைக்கு (ஏறக்குறைய 49 கிலோ) குறையாத மூட்டையைக் கையாளுகிறார்கள். எடையைப் பற்றி மட்டுமே பேசுகிறோம், தூரத்தை மறந்துவிடுகிறோம். முதுகுத்தண்டை நிமிர்த்தும் தசை தண்டுக்கு 5 செ.மீ. பின்னால்தான் இருக்கிறது. 10 கிலோ பொருளை உடம்போடு சேர்த்து 20 செ.மீ. தூரத்தில் பிடித்தால் அந்தப் பொருளுக்காக மட்டும் தசை 40 கிலோ இழுக்க வேண்டும், கையை நீட்டி 50 செ.மீ. தூரத்தில் பிடித்தால் 100 கிலோ. பொருள் மாறவில்லை, முதுகுக்கு விழுந்தது இரண்டரை மடங்கு. குனிகிறபோது மேலுடம்பின் சொந்த எடை வேறு சேர்ந்துகொள்ளும். மூட்டையைப் பிடரியிலும் தோளிலும் ஏற்றுகிறவர்கள் யாரும் சொல்லித் தராமலே இதைக் கண்டுபிடித்தவர்கள்தான், அந்த எடை தண்டுக்கு நேரே இறங்குகிறது. ஆனால் மூட்டையைக் கீழே இறக்கிவிட்டு, எட்டி நின்று, உடம்பை முறுக்கி இழுக்கும்போதுதான் பிடித்துக்கொள்கிறது.

தலையில் சுமப்பதைப் பற்றி ஒரு நல்ல ஆராய்ச்சி உண்டு. கென்யாவில் லுவோ, கிகுயு பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை தலையில் வைத்து நடந்தாலும் வெறுங்கையோடு நடப்பதைவிட அதிக சக்தி செலவாகவில்லை என்று 1986ல் கண்டார்கள். நடக்கும்போது உடம்பு ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் ஏறி இறங்குகிறது, ஏறும்போது சேர்கிற சக்தியை இறங்கும்போது அடுத்த அடிக்குத் திருப்பிப் பயன்படுத்துகிறோம், சுமையோடு நடக்கையில் அந்தப் பெண்கள் அதை நம்மைவிடச் சிக்கனமாகச் செய்கிறார்கள் என்று பின்னால் விளக்கம் வந்தது. ஆனால் 2010ல் ஆப்பிரிக்க, ஐரோப்பியப் பெண்களிடம் சோதித்தவர்களுக்கு அந்த லாபம் எல்லோரிடமும் கிடைக்கவில்லை, கழுத்துவலிதான் பேச்சில் அடிபட்டது. தலையில் தட்டு வைத்து விற்கிற நம் அக்காமார்களை யாராவது இப்படி அளந்து பார்த்தால் நன்றாயிருக்கும்.

ஓடும் குதிரையின் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகிறதா என்ற சண்டையை மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 1878ல் வரிசையாக கேமரா வைத்துத் தீர்த்தார். இன்று அந்த வசதி எல்லோர் போனிலும் ஸ்லோ மோஷன் என்று இருக்கிறது. அப்பாவோ பாட்டியோ விந்தி நடந்தால் பக்கத்திலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று படம் பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள், வாயால் விளக்குவதைவிட உதவும்.

ஆசிரியரிடம் கேட்பது இது. மூட்டுவலி என்றதும் தின்பதும் தேய்ப்பதும் மட்டுமே எழுதாமல், உடம்பு எப்படி அசைகிறது என்பதற்கும் வாரம் கால் பக்கம் கொடுங்கள். இங்கே கோயிலில் தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழில் விஞ்ஞானம் வாசிக்கக் கிடைப்பதே அபூர்வம். அவர்களோ தெருவில் சின்லோன் என்ற பிரம்புப் பந்தை ஒற்றைக் காலில் நின்று தட்டுகிறவர்கள், பந்தைத் தட்டுகிற காலைவிட நிற்கிற காலின் இடுப்பு எவ்வளவு உழைக்கிறது என்று எழுதினால் உடனே புரிந்துகொள்வார்கள். நிபுணர்கள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கிறார்கள், எழுதச் சொல்லுங்கள். மூட்டை தூக்குகிறவர்களிலிருந்து தொடங்கினால் எங்கள் துறைமுகத் தெருக்களில் அதைப் படித்துக் காட்ட நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
யாங்கோன், மியான்மர்.