சிவப்புப் பேனாவை மூடி வை

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் போடாதது என் தப்புதான். அம்மாவின் முழங்கால் வலி தேவலை. பாஸ்கரன் மகள் கல்யாணத்துக்குக் கட்டாயம் வா. பாயசம் உன் பொறுப்பு.

நீ போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி தூங்கவிடவில்லை. 'படிப்பு சிலர் ரத்தத்தில்தான் ஓடும்' என்ற பேச்சை மறுத்து ஒரு மாணவி எழுதிய கட்டுரையை, 'வம்பு எதற்கு' என்று கல்லூரி மலரிலிருந்து எடுக்கப்போகிறாயாமே?

1962இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்ற முதல் கறுப்பின மாணவர் சேர்ந்தபோது கலவரம் வெடித்து இரண்டு பேர் செத்தார்கள். அங்கே மாணவர் இதழின் ஆசிரியர் சிட்னா பிரவர் என்ற பெண். வன்முறை வேண்டாம் என்று உடனே தலையங்கம் எழுதினார். மெரிடித்தை வரவேற்கும்படிகூடக் கேட்கவில்லை, ராமு! அதற்கே அந்த டிசம்பரில் மாணவர் பேரவை அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அதை விலக்கிக்கொள்ள நாற்பது ஆண்டுகள் ஆயின. அலபாமா பல்கலைக்கழக மாணவர் இதழில் மெரிடித்துக்கு ஆதரவாக எழுதிய மெல் மேயரை மிரட்டச் சிலுவையை எரித்தார்கள். அவருக்குக் காவலுக்கு ஆள் போட வேண்டியிருந்தது.

சிட்னாவும் மேயரும் எதை எதிர்த்து நின்றார்கள் என்று பார். கறுப்பினத்தவருக்கு அறிவு குறைவு என்று வாதிட்ட ஒரு நூலின் பெயரால் 1961 அக்டோபரில் ஒரு நாளையே அறிவித்தவர் மிசிசிப்பி ஆளுநர் ராஸ் பார்னெட். ஆனால் முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் நடத்திய அறிவுத் தேர்வில், ஒஹையோ, இல்லினாய் போன்ற வட மாநிலங்களின் கறுப்பினத்தவர் மிசிசிப்பி, ஆர்கன்சா வெள்ளையரைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள். நல்ல பள்ளிக்கூடம் கிடைத்த இடத்தில் மதிப்பெண் ஏறியது. ரத்தத்துக்கு அதில் என்ன வேலை? அந்தக் கணக்கு பல ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் வந்துவிட்டது. பார்க்க மனமில்லாதவர்கள் பார்க்கவில்லை.

நம் கையெழுத்துப் பத்திரிகையில் விடுதிப் பந்தியைப் பற்றித் தங்கராசு எழுதிய பக்கத்தைக் கிழித்தது நீயும் நானும்தான். அதற்குப் பிறகு அவன் நமக்கு ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. தேர்வு முடிந்து ஊருக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அந்தப் பெண்ணின் கட்டுரைக்கு ஒரு நகல் எடுத்து எனக்கு அனுப்பு. மலர் என்றைக்கு அச்சுக்குப் போகிறது என்பதையும் எழுது.

உன்
சண்முகம்