கோபால் கிடைத்துவிட்டார்

முரளி,

மூன்று மாதமாகக் கடிதம் இல்லை, திட்டித் தீர்த்துவிடு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் நூலகப் பட்டியலில் காணாமல் போன ஆசிரியர்களைக் கண்டுபிடித்துவிட்டேன். குற்றவாளி நீதான்.

தகவல்களை டேக் போட்டுப் பிரித்து எழுதிய அந்த எக்ஸ்எம்எல் கோப்பில் மேலே இருக்கும் நூல்கள் நான் தட்டியவை, கீழே ஆசிரியர் குறிப்புகள் நீ தட்டியவை. நூலின் 'ஆசிரியர்' அட்ரிபியூட்டும் (டேக்குக்குள் எழுதும் விவரம்) குறிப்பின் 'பெயர்' அட்ரிபியூட்டும் ஒத்துப்போனால், எக்ஸ்எம்எல்லை வேறு வடிவாக்கும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி இரண்டையும் சேர்த்துத் தர வேண்டும். கந்தசாமியும் முருகேசனும் ஜம்மென்று வந்தார்கள். கோபால், சோமு, பொன்னம்பலம் மூவரும் வரவில்லை. எரர் என்று ஒரு வரிகூட இல்லை, பெயருக்குக் கீழே வெற்றிடம் மட்டும். அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. செத்துப்போன மனிதரைப் பற்றி ஊரில் இருக்கும் ஒரே குறிப்பு அது, அதுவும் சத்தமில்லாமல் விழுந்துவிடுகிறது.

பெயருக்குப் பின்னால் ஸ்பேஸ் விட்டிருப்பாய் என்று நினைத்து அதைச் சீவிப் பார்த்தேன். பலனில்லை. மூன்றாம் நாள் ராத்திரிதான் உறைத்தது: இந்த மூவர் பெயரிலும் ஒகரம் அல்லது ஓகாரம்! 'கோ'வின் ஓகாரக் குறிக்கு, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் தனி எண் ஒன்று உண்டு. இரட்டைக் கொம்பையும் காலையும் இரண்டு எண்களாக அடுத்தடுத்துப் போட்டாலும் திரையில் அதே 'கோ'தான். என் கீபோர்டு முதல் வகை, உன் பழைய கீபோர்டு இரண்டாம் வகை. கண்ணுக்கு ஒன்று, ஒப்பிடும் நிரலுக்கு இரண்டு.

இரண்டையும் ஒரே வடிவாக்கும் 'நார்மலைஸ் யூனிகோடு' என்ற ஃபங்ஷன் 1999-இல் வந்த முதல் எக்ஸ்எஸ்எல்டியில் கிடையாது. 2007-இல் 2.0 வந்தபோதுதான் வந்தது. எக்ஸ்எஸ்எல்டியை ஓட்ட நான் வைத்திருந்த எக்ஸ்எஸ்எல்டிப்ராக் என்ற புரோகிராம் 1.0-வைத் தாண்டாது. 2.0 தெரிந்த சாக்ஸன் என்ற புரோகிராமுக்கு மாறினேன். மாறியும் கோபால் வரவில்லை! தேடும் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, குறிப்புகளை எந்தப் பெயரில் அடுக்கிவைப்பது என்று சொல்லும் கீயின் 'யூஸ்' பக்கத்தை அப்படியே விட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் போட்டதும் வரிசையாக வந்து நின்றார்கள். வார்டனிடம் இதைச் சொல்லிவிடாதே, ஜென்மத்துக்கும் விடமாட்டார்.

இன்னும் கௌரி வரவில்லை. 'கௌ'வுக்கு நீ ஒற்றைக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தையே தட்டியிருக்கிறாய். அது நிஜமாகவே வேறு எழுத்து, எந்த நார்மலைசும் தீர்க்காது. சௌந்தரமும் அப்படித்தான் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உன் பகுதியில் இருக்கும் ஔகாரங்களை எல்லாம் கையால் திருத்தி அனுப்பு. காபி செலவு என்னுடையது.

உன்
சேகர்