நிர்வாக விடுப்பும் முடிவு தேதியில்லாத பணியிடை நீக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு ஊழியர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார் என்ற செய்தி தங்கள் நாளிதழில் இடம்பெறாத வாரம் அரிது. அந்த ஊழியருக்கு, அவர் மீதான குற்றச்சாட்டுகளை எழுத்தில் தெரிவிக்கும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை எப்போது வழங்கப்பட்டது, விசாரணை முடிந்ததா, அவர் பணிக்குத் திரும்பினாரா என்ற செய்தி மட்டும் பெரும்பாலும் வருவதில்லை. இதற்காக நாளிதழ்களைக் குறைகூற மாட்டேன். எழுதுவதற்கு ஏற்ற அப்படியொரு செய்தியே பல மாதங்களுக்கு உருவாவதில்லை என்பதுதான் உண்மை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் நெடுங்காலம் இத்தகைய கோப்புகளைக் கையாண்டு ஓய்வுபெற்றவன் என்ற முறையில், விசாரணையின் தொடக்கக் கட்டத்தில் ஊழியரை முழு ஊதியத்துடன், குறிப்பிட்ட நாள் வரை மட்டும் விலக்கிவைக்கும் நிர்வாக விடுப்பு என்ற ஏற்பாடு நம் விதிகளில் இடம்பெற வேண்டும் என்பதை முன்வைக்க விரும்புகிறேன்.

பணியிடை நீக்கம் தண்டனை அல்ல என்பது சட்டத்தின் நிலை. ஆவணங்களைத் திருத்தவோ சாட்சிகளை மிரட்டவோ வாய்ப்பு இருக்கக்கூடாது என்பதற்காக ஒருவரை இருக்கையிலிருந்து அகற்றிவைக்கிறார்கள், அவ்வளவே. ஆனால் ஆணை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே அவருடைய ஊதியம் பாதியாகிவிடுகிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதிகளில் 53-ஆம் விதியின்படி, அரைச் சம்பள விடுப்பில் இருப்பவருக்குக் கிடைக்கும் விடுப்பு ஊதியத்துக்கு இணையான தொகை, அதற்குரிய அகவிலைப்படியுடன் பிழைப்பூதியமாக வழங்கப்படுகிறது. முதல் 3 மாதங்கள் கடந்தபின், தாமதத்துக்கு ஊழியர் காரணம் அல்ல என்றால் அத்தொகையை அதில் பாதி அளவுக்கு உயர்த்தலாம்; அவரே காரணம் என்றால் அதே அளவுக்குக் குறைக்கலாம். வேறெங்கும் வேலை பார்க்கவில்லை என்று அவர் சான்றளித்தாக வேண்டும். அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டு வெளியேறக் கூடாது. வேலை பார்க்க விடாமல் உட்கார வைத்திருக்கும் ஒருவரிடம், வேறு வேலை பார்க்கவில்லை என்ற சான்றை மாதந்தோறும் கேட்டு வாங்கும் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. விதி அப்படி என்றாலும், கேட்கும்போது ஒவ்வொரு முறையும் கூச்சமாகவே இருக்கும்.

நான் பணியாற்றிய காலத்து நிகழ்வு ஒன்று. ஒப்பந்தப்புள்ளிக் கோப்பு ஒன்று காணாமற்போனதற்காக மேல்நிலை எழுத்தர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 8 மாதங்கள் கழித்தே அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கப்பட்டது. விசாரணை அலுவலர் மாறினார். புதியவர் முதலிலிருந்து தொடங்கினார். இதற்கிடையில் வேறொரு பிரிவு பதிவறைக்கு அனுப்பியிருந்த கட்டு ஒன்றின் நடுவில் அந்தக் கோப்பு முழுதாக அகப்பட்டது. கோப்பு யாரிடம் போனது என்று பதிவேட்டில் குறிக்கத் தவறியதற்காக அவருக்குக் கண்டனம் என்ற சிறு தண்டனை விதிக்கப்பட்டு, 14 மாதங்களுக்குப் பிறகு நேர்வு முடிக்கப்பட்டது. விசாரணை இறுதியில் சிறு தண்டனையோடு முடிந்தால் பணியிடை நீக்கம் முற்றிலும் நியாயமற்றதாகக் கருதப்பட வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு ஆணையிட்டிருப்பதால், அந்த 14 மாதங்களுக்கும் முழு ஊதியம் கணக்கிட்டு, ஏற்கெனவே கொடுத்த பிழைப்பூதியத்தைக் கழித்து, மீதியை வழங்கினோம். சம்பளப் பட்டியலைத் தயாரித்தவன் நான். அந்த 14 மாதங்களும் அவருடைய இருக்கையின் வேலையைச் சேர்த்துப் பார்த்தவர்களுள் ஒருவனும் நான்தான். பாதி ஊதியம் மிச்சம் என்று அரசு கணக்கிட்டிருந்தால் அந்த மிச்சமும் நிற்கவில்லை, வேலையும் நடக்கவில்லை. அவர் தரப்பிலோ, மருத்துவ விடுப்பில் இருப்பதாக அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவந்ததையும், கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு வட்டி ஏறியதையும் எந்த ஆணையாலும் திருப்பித் தர முடியவில்லை.

நீதிமன்றங்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. கோலார் தங்க வயலில் இயங்கிய பொதுத்துறைச் சுரங்க நிறுவனம் ஒன்றின் பாதுகாப்பு அலுவலர், பிழைப்பூதியம் கிடைக்காததால் கேரளத்திலிருந்து விசாரணைக்கு வந்துசேர முடியாமற்போக, அவர் இல்லாமலேயே விசாரணையை முடித்துப் பணிநீக்கம் செய்ததை உச்ச நீதிமன்றம் 1999-இல் ரத்து செய்தது. 2015 பிப்ரவரியில் அஜய் குமார் சௌத்ரி வழக்கில், 3 மாதங்களுக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கப்படாவிட்டால் பணியிடை நீக்கம் அதற்குமேல் நீடிக்கக்கூடாது என்றும், வழங்கப்பட்டிருந்தால் நீட்டிப்புக்குக் காரணம் கூறும் ஆணை வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் கூறியது. சாட்சியங்களிலிருந்து தள்ளிவைக்க வேண்டுமானால் அவரை வேறு அலுவலகத்துக்கு மாற்றலாமே என்பதையும் அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது. அதையொட்டி 2016 ஆகஸ்டில் மத்தியப் பணியாளர் துறை 90 நாள் கெடுவை வலியுறுத்திக் குறிப்பாணை வெளியிட்டது. ஆனால் 3 மாதம் கடந்த ஒரே காரணத்தால் பணியிடை நீக்கம் தானாக ரத்தாகிவிடாது, ஒவ்வொரு வழக்கின் தன்மையையும் பார்க்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-இல் விளக்கியிருக்கிறது. கொடுங்குற்றச்சாட்டுகளை நினைத்தால் அந்த விளக்கத்தைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனினும், கோப்பைத் தள்ளிப்போட விரும்பும் அலுவலர் ஒருவர் அதில் தனக்கு வேண்டிய வரியை மட்டும் படித்துக்கொள்வார் என்பது என் அனுபவம். மத்திய விதிகளில் 90 நாளுக்குள் மறுஆய்வு கட்டாயம். செய்யாவிட்டால் ஆணை செல்லாது. அந்த மறுஆய்வில் ஒவ்வொரு முறையும் 180 நாள் வரை நீட்டிக்க இடமிருப்பதால், மறுஆய்வுக் குழுவின் கூட்டக் குறிப்பு முந்தைய குறிப்பின் நகலாக மாறிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் அனுபவம் நமக்குப் பயன்படும். அங்கே இதற்கு நேர்மாறான நோய் இருந்தது. முழு ஊதியத்துடன் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு ஊழியரை மறந்துவிடுவார்கள். 2011 முதல் 2013 வரையான 3 நிதியாண்டுகளில் 263 ஊழியர்கள் ஓராண்டு முதல் 3 ஆண்டு வரை இவ்வாறு இருந்தார்கள் என்றும், அவர்களுக்கான ஊதியமாக ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் டாலர் செலவானது என்றும் அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு 2014-இல் அறிக்கை அளித்தது. அதன் பின்னர் 2016 டிசம்பரில் நிர்வாக விடுப்புச் சட்டம் நிறைவேறியது. ஓராண்டில் 10 வேலைநாள் என்பது நிர்வாக விடுப்பின் வரம்பு. அதற்குமேல் தேவைப்பட்டால் விசாரணை விடுப்பு என்ற தனி வகை: முதலில் 30 வேலைநாள் வரை, பிறகு முப்பது முப்பதாக மொத்தம் 90 வேலைநாள் வரை நீட்டிப்பு. அதையும் தாண்டினால் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுக்களுக்குக் காரணத்தை எழுதியனுப்ப வேண்டும். இவ்விடுப்பில் அனுப்புவதற்கு முன்பு, ஊழியர் அலுவலகத்தில் இருப்பதால் ஆபத்தோ ஆதாரச் சிதைவோ பொருளிழப்போ நேருமா என்பதையும், அவருக்கு வேறு பணி கொடுக்க முடியுமா என்பதையும் பரிசீலித்தாக வேண்டும்.

அந்தச் சட்டத்துக்கான விரிவான விதிமுறைகளை 270 நாட்களுக்குள் வெளியிட வேண்டும் என்று சட்டமே கூறியிருந்தும், அவை இறுதியானது 2024 டிசம்பரில்தான். கோப்பு நகரும் வேகத்தில் நாடுகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை போலும். 2025-இலோ, பணிவிலகச் சம்மதித்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை அரசே பல மாதங்கள் ஊதியத்துடன் வீட்டில் இருக்க வைத்தது. எனவே அந்நாட்டைப் பார்த்து அப்படியே நகலெடுக்கும்படி நான் கூறவில்லை; வேலை வாங்காமல் ஊதியம் தருவதற்கு நாள் கணக்கும், நீட்டிப்பவர் மேல் பதில்கூறும் பொறுப்பும் வேண்டும் என்ற அச்சட்டத்தின் எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

விசாரணைக் காலத்தில் ஊதியத்துடன் விடுப்பு என்பது நமக்கு முற்றிலும் புதியதும் அல்ல. பணியிடப் பாலியல் தொல்லை குறித்துப் புகார் அளித்த பெண் ஊழியர், விசாரணை நடக்கும் காலத்தில் 90 நாள் வரை சிறப்பு விடுப்பு பெறலாம் என்றும், அது அவருடைய விடுப்புக் கணக்கில் கழிக்கப்படாது என்றும் 2017 முதல் மத்திய விடுப்பு விதிகளில் உள்ளது. உடலுறுப்புக் கொடையளிப்போருக்கு 2023 முதல் 42 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு. காரணம் தகுந்ததாக இருந்தால் முழு ஊதியத்துடன் விலகியிருக்க அனுமதிக்கலாம் என்ற கருத்தை நம் விதிகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. குற்றச்சாட்டு இன்னும் எழுத்தில்கூட வராத ஊழியரின் நேர்வில்தான் அக்கருத்து மறந்துபோகிறது.

லஞ்சம் வாங்கும்போது கையும் களவுமாகப் பிடிபட்டவருக்கும் முழு ஊதியமா என்று வாசகர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் வைக்கப்பட்டவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாகவே கருதப்படுவார் என்ற விதி இப்போதே இருக்கிறது. அது அப்படியே தொடரட்டும். நான் பேசுவது, புகார் வந்த மறுநாளே, முதற்கட்ட விசாரணைகூட நடக்காத நிலையில், மேலிடத்துக்கு நடவடிக்கை எடுத்ததாகக் காட்டுவதற்காகப் பிறப்பிக்கப்படும் ஆணைகளைப் பற்றி. அத்தகைய நேர்வுகளில் முதல் 30 நாள் முழு ஊதியத்துடன் நிர்வாக விடுப்பு அளித்து, அதற்குள் முதற்கட்ட விசாரணையை முடிக்க வேண்டும். முடிந்தபின் பணியிடை நீக்கம் தேவையா, இடமாற்றம் போதுமா, மீண்டும் இருக்கையில் அமர்த்துவதா என்று முடிவெடுக்கலாம். 90 நாளில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கப்படாவிட்டால், கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதைத் துறைத் தலைவருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாட்டை என் முன்னாள் சகாக்கள் விரும்பமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே அது பலன் தரும் என நம்புகிறேன்.

நான் பார்த்த பணியிடை நீக்க ஆணைகள் பலவற்றில் ‘மறு ஆணை வரும் வரை’ என்ற தொடர் இருந்தது. அந்த இடத்தில் ஒரு தேதியைக் குறிப்பிடுமாறு மத்திய, மாநில அரசுகள் தங்கள் விதிகளையும் ஆணைப் படிவத்தையும் திருத்த வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர்