குறை பிள்ளைகளின் மன உறுதியில் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் வேலைவாய்ப்புக் கட்டுரையில், 'இன்றைய பிள்ளைகளுக்கு நெருக்கடியைத் தாங்கும் மனம் இல்லை' என்று ஒரு வரி. கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருக்கலாம். எனக்கு அதைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. அப்பா காலத்திலிருந்து தங்கள் பத்திரிகையை வாங்கும் வீடு எங்களுடையது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சென்னையில், மற்ற நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு பெரிய கன்சல்டிங் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவள் நான். எந்த கிளையன்ட்டுக்கு எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்று வாரக் கடைசியில் டைம்ஷீட்டில் பதிய வேண்டும். ஆனால் ப்ராஜெக்ட்டைப் பிடிக்கும்போதே மேலே இருப்பவர்கள் நேரத்தைக் குறைத்துச் சொல்லி விலை பேசிவிடுவார்கள். இரவு ஒரு மணி வரை உட்கார்ந்ததை அப்படியே பதிந்தால், "பட்ஜெட் தாண்டுது, எட்டு மணி நேரம்னே போடும்மா" என்பார் மேனேஜர். மறுத்தால், நம் வேலையை மதிப்பிடும் அப்ரைசலில் 'வேகம் போதாது' என்று வரும். கூடுதலாக உழைத்த நேரம் எந்தக் கணக்கிலும் இருக்காது. நாளை லேபர் ஆபீசில் புகார் கொடுக்கப் போனால், நம் கையாலேயே பதிந்த எட்டு மணி நேரம்தான் அங்கே சாட்சி.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்து இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, அதற்கு மேல் இரட்டிப்புச் சம்பளம். தாங்கள் அறியாததல்ல. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்பதால், சில வருடத்திலேயே ஆளுக்கொரு மேனேஜர் பட்டம் கொடுத்துவிடுகிறார்கள். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளுக்கு 12 மணி நேர வேலை மசோதா வந்தபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். எங்களுக்காகப் பேச எந்தச் சங்கம் இருந்தது?

2024 ஜூலையில் புனேயில் இறந்துபோன 26 வயது கேரளப் பெண்ணைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சிஏ முடித்து, பெரிய நிறுவனத்தில் சேர்ந்து நாலு மாதம்தான். அளவு மீறிய வேலைச்சுமைதான் மகளின் உயிரைப் பறித்தது, அலுவலகத்திலிருந்து ஒருவர்கூட இறுதிச் சடங்குக்கு வரவில்லை என்று அவள் அம்மா நிறுவனத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகும் மத்திய நிதியமைச்சர் பேசியது, அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையை வீட்டில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதுதான். வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்ன இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்திக்கும், 90 மணி நேரம் கேட்ட எல் அண்ட் டி தலைவருக்கும் எல்லாப் பத்திரிகைகளும் இடம் கொடுத்தன. அந்த அம்மாவின் கடிதத்துக்கு அதில் பாதி இடமாவது கிடைத்ததா?

அப்பா ஐசியூவில் இருக்க, ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்போடு கிளையன்ட்டோடு போனில் பேசிக்கொண்டிருந்த பையனை எனக்குத் தெரியும். "குடும்பம் மாதிரி இருக்கோம்" என்று மேடையில் சொன்ன அதே தலைமை, அவன் விலகுகிறேன் என்றதும் 90 நாள் முன்பே சொல்ல வேண்டும் என்ற நோட்டீஸ் விதியைக் காட்டி நிறுத்திவைத்தது. அவனுக்கா மன உறுதி இல்லை?

ஒரே ஒரு வேண்டுகோள். தங்கள் வேலை வழிகாட்டிப் பக்கத்தில் ஆரம்பச் சம்பளத்தைப் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள், சரி. அதன் பக்கத்தில் நோட்டீஸ் காலத்தையும், அங்கே வேலை பார்ப்பவர்களைக் கேட்டு உண்மையான வேலை நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். பிள்ளைகள் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம். தோழிகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளிக்கரணை, சென்னை