மீனுவுக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கும், கொடுக்க முடியாமல் போனவர்களுக்கும்

அன்புள்ள அனைவருக்கும்,

எங்கள் பூனை மீனு பிழைத்துவிட்டாள். மருத்துவமனையில் சேர்த்தபோது 11 ஆக இருந்த பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) இப்போது 27. வெளுத்துக் கிடந்த ஈறுகளில் நிறம் திரும்பியிருக்கிறது.

அவளுடைய சிவப்பணுக்களின் மேல் ஹீமோபிளாஸ்மா என்ற பாக்டீரியா ஒட்டிக்கொண்டிருந்தது. அணுக்கள் வேகமாக அழிந்துகொண்டிருந்தன. டாக்ஸிசைக்ளின் மாத்திரை அதை அடக்கும், ஆனால் அதற்குச் சில நாள் பிடிக்கும். அதுவரை உயிர் தாங்க அவளுக்கு வேறொரு பூனையின் ரத்தம் வேண்டியிருந்தது.

பதற்றத்தில், "எந்தப் பூனையானாலும் சரி, ஏத்திடுங்க டாக்டர்" என்று கெஞ்சினோம். டாக்டர் இணங்கவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு முதல் நன்றி. பூனைகளுக்கு ஏ, பி, ஏபி என்று ரத்த வகைகள் உண்டு. எல்லாப் பூனைக்கும் பொதுவாக ஏற்றக்கூடிய வகை கிடையாது. பி வகைப் பூனைக்கு ஏ வகை ரத்தம் முதல் தடவை கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. வகை பொருந்தினால் மட்டும் போதாது, அந்த ரத்தத்தில் நோயும் இருக்கக் கூடாது.

மாடி வீட்டு அண்ணன் தன் கடுவனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். உடனடிச் சோதனைக் கிட்டில் பார்த்தபோது எஃப்ஐவி பாசிட்டிவ். பூனைகளின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், பெரும்பாலும் சண்டையில் கடிபட்டுப் பரவும் வைரஸ் அது, மனிதருக்கு வராது. அண்ணன் அந்தக் கடுவனைத் தெருவில் விடவில்லை. கருத்தடை ஆபரேஷன் செய்து வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறார். அண்ணா, உங்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அப்புறம், எந்த அவசரமும் இல்லாத காலத்திலேயே தங்கள் பூனைகளைச் சோதித்து வைத்திருந்த நம் பகுதிக்காரர்கள். கிட் முடிவு பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனையின் முடிவு அப்படி உடனே வராது. ஹீமோபிளாஸ்மாவை மைக்ரோஸ்கோப் ஸ்லைடில் பார்த்து மட்டும் இல்லையென்று சொல்லிவிட முடியாது, பிசிஆர்தான் வேண்டும். மீனு இருந்த நிலையில் அதற்குக் காத்திருக்க நேரமில்லை. உங்களிடம் முடிவுகள் தயாராக இருந்தன.

கருப்பனின் அம்மாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்கா, கருப்பன் பார்க்க அத்தனை ஆரோக்கியமானவன். லுக்கீமியா வைரஸுக்கான கிட் சோதனையிலும் நெகட்டிவ். பிசிஆர் செய்தபோதுதான் அந்த வைரஸின் மரபணு அவன் செல்களுக்குள் பதுங்கியிருப்பது தெரிந்தது. இப்படிப்பட்ட பூனைகள் பெரும்பாலும் நோயில்லாமலே வாழும், கூட இருக்கும் பூனைகளுக்குச் சாதாரணமாகப் பரப்பவும் செய்யாது. ஆனால் ரத்தம் ஏற்றினால் தொற்றிவிடலாம். யாருடைய பூனைக்கோ உதவலாம் என்று போய், உங்கள் பிள்ளையைப் பற்றிய கெட்ட செய்தியோடு திரும்பினீர்கள். அதை மறைக்காமல் எல்லோரிடமும் சொன்னீர்கள். "கிட்டோட நிறுத்திடாதீங்க, பிசிஆரும் பண்ணுங்க" என்று வீடு வீடாக வற்புறுத்தியதும் நீங்கள்தான். சோதனைச் செலவில் எங்கள் பங்கைக்கூட வாங்க மறுத்துவிட்டீர்கள். மீனுவின் உயிரில் கருப்பனுக்குப் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

அக்கா சொல்லிச் சோதித்துக்கொண்டவர்களில் ஒருவன்தான் லட்டு. ஐந்து கிலோ எடை, வெளியே போகாத வீட்டுப் பூனை, மீனுவைப் போலவே ஏ வகை. இரவில் கூப்பிட்டதும் கொண்டுவந்தார்கள். லேசாக மயக்கம் கொடுத்து, கழுத்து ரத்தக்குழாயிலிருந்து 50 மில்லி எடுத்தார்கள். அவன் கண் விழித்துத் தள்ளாடி நடக்கும்வரை லட்டுவின் அம்மா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று கிராஸ்மேட்ச் பார்த்துக் கொடுத்த லேப் தம்பிக்கும், ரத்தம் ஏறி முடியும்வரை மீனுவின் மூச்சையும் நாடியையும் குறித்துக்கொண்டே நின்ற நர்ஸுக்கும் நன்றி.

ரத்தம் ஏற்றிக்கொண்டதாலும் இந்தத் தொற்று வந்துபோனதாலும் மீனு இனி தானம் செய்ய முடியாது. எங்கள் வீட்டு இன்னொரு பூனை சிம்பாவுக்கு இரண்டு வயது, நாலரை கிலோ தாண்டிவிட்டான். அவனுக்கு வகையும் பார்த்து, கிட், பிசிஆர் இரண்டுக்கும் கொடுத்திருக்கிறோம். முடிவு எதுவாக இருந்தாலும் உங்களுக்குத் தெரிவிக்கிறோம். நன்றாக வந்தால் அவன் பெயரையும் ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த நேரமானாலும் கூப்பிடலாம்.

அன்புடன்,
மீனுவின் வீட்டார்